சொல்லாமல் விட்ட கடைசிப் பாடம்

கிரேக்கர்களின் நாடக அரங்கை நான் முதன்முதலாகப் பார்த்தது பட்டர்வொர்த்தை ஒட்டிய மாக் மண்டின் தொழிற்பேட்டையில், ஒரு தொழிற்சாலைக் கேண்டீன் மேசையில். அக்கா சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து, இதுதான் ஆடுகளம் என்றார். அதைச் சுற்றி அரைவட்டமாக டீ கிளாஸ்களை அடுக்கினார். அவை குன்றுச் சரிவில் உட்கார்ந்திருக்கும் சனங்களாம். தட்டின் நடுவில் வைத்த மிளகாய்ச் சம்பால் கிண்ணம் பலிபீடம். பின்னால் நிறுத்திய சாப்பாட்டு டப்பா, நடிகர்கள் முகமூடி மாற்றும் கொட்டகை. பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர் தன் கிளாஸைத் திருப்பிக் கேட்டார். அக்கா அசரவில்லை. பாடம் முடியட்டும், தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு ஸ்பூனை எடுத்து நடிகனாக நடக்க விட்டார்.

உடன்பிறந்த அக்கா இல்லை. நாங்கள் இருவரும் அந்தத் தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்த்தோம். அவருக்குப் பாகான் டாலாமில் வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியை ஆண்களைவிட லாவகமாக இழுப்பார். கடலுக்கு அக்கரையில், தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டிப்ளோமா வகுப்பு நடப்பதைக் கேள்விப்பட்டு, என் பெயரையும் சேர்த்து எழுதிக்கொடுத்தவர் அவர்தான். முதல் பருவத்தில் மேற்கத்திய நாடக வரலாறு, ஆதிகாலத்திலிருந்து பதினேழாம் நூற்றாண்டின் பரோக் காலம் வரை. எனக்கு மேற்கும் தெரியாது, நாடகமும் தெரியாது. ஏதோ ஒரு சான்றிதழ் கையில் இருந்தால் தீவில் ஏர்கான் போட்ட ஆபீசில் உட்காரலாம் என்பதுதான் என் கணக்கு.

அக்காவின் ஆசை வேறு. கிரேக்கர்கள் ஒரு தெய்வத்தைக் கயிற்றில் கட்டி மேடைக்கு இறக்கினார்கள் என்றும், கடைசிப் பாடமான பரோக் காலத்தில் ஒரு மேகமே தெய்வக் கூட்டத்தோடு இறங்கும் என்றும் முதல் வகுப்பிலேயே விரிவுரையாளர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த மேகம் அக்காவின் மண்டைக்குள் புகுந்துகொண்டது.

“அவ்வளவு வெய்ட்ட ஆடாம அசையாம எப்படி எறக்கியிருப்பான்? எனக்கு அந்தக் கடைசிப் பாடம் தெரிஞ்சா போதும்லா, தம்பி” என்பார்.

ஆனால் ஸ்டோர் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். எங்கள் இருவரில் ஒருவர் கட்டாயம் இருந்தாக வேண்டும். அதனால் முறை போட்டுக்கொண்டோம். ஒரு வாரம் அவர் ஃபெரி ஏறி வகுப்புக்குப் போவார், மறுவாரம் நான். போனவர் திங்கட்கிழமை மதியம் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். கிரேக்கம் அக்காவின் பங்கு, ரோம் என்னுடையது. ரோமானிய மேடையின் பின்சுவரையும் அதன் மூன்று வாசல்களையும் சொல்ல எனக்கு வாய் வராமல், கிடங்கின் மூன்று இரும்புக் கதவுகளுக்கு முன்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். நடுக்கதவு ராஜாவுக்கு என்றேன். அக்கா அந்த வழியாகவே ஆணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பீரமாக வந்தார். அந்தத் திங்கட்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்வதற்கு ஓர் ஆள் காத்திருக்கிறார் என்ற நிம்மதி அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை.

கெடுத்தது நான்தான். கிரேக்கக் குழுவினர் ஆடிப் பாடிப் பலிபீடத்தைச் சுற்றுவார்கள் என்று மட்டும்தான் அக்கா சொன்னார். சாமியைச் சுற்றுவது என்றால் வலமாகத்தானே சுற்றுவார்கள்? கோயில் பிரகாரத்தைத் தவிர வேறெதையும் சுற்றியறியாத நான், அவர்கள் பலிபீடத்தை மூன்று முறை வலம் வந்தார்கள் என்று கட்டுரையில் எழுதிவைத்தேன். விரிவுரையாளர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, இதை நான் எப்போது சொன்னேன் என்று கேட்டார். வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். இருவரும் மாற்றி மாற்றி வராமல் இருப்பது தெரிந்துபோயிற்று. முக்கால்வாசி வகுப்புக்காவது வராதவர்கள் தேர்வு எழுத முடியாது என்றார். எண்ணிப் பார்த்தோம். மிச்சமுள்ள எல்லா ஞாயிறும் ஒருவரே போனால் அவர் மட்டும் எழுதலாம்.

“நான்தான் வலம்னு தப்பா சொல்லிட்டேன் போல. நீ போ, தம்பி. போய்ட்டு வந்து ஒன்னு விடாம சொல்லு” என்றார் அக்கா.

அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால், யார் போவது என்று பேச்சு வந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஞாயிறெல்லாம் எனக்கு. தேவாலய வாசலில் வண்டி கட்டி நடந்த நாடகங்களையும், இத்தாலிக்காரர்கள் திரையில் வரைந்த நீண்ட தெருக்களையும் அக்காவுக்குச் சொன்னேன். முதலில் மேசை முழுக்கக் கிளாஸ் அடுக்கிச் சொன்னேன். பிறகு வெறும் வாயால். பிறகு, நோட்டைப் பாருங்கள் அக்கா என்று நீட்டிவிட்டுச் சோற்றைப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு திங்களும், மேகம் வந்துவிட்டதா என்று கேட்பார். கடைசி வகுப்பில் மேகம் வந்தது. மறுநாள் எனக்குத் தீவில் ஒரு வேலைக்கு நேர்காணல். பரோக் பாடத்தை அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரம் தேர்வு, அதற்கடுத்து ராஜினாமா. ஃபெரியில் இருபது நிமிடத் தூரத்தைக் கடக்க எனக்கு இருபத்து நான்கு வருடம் போதவில்லை.

போன மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண விருந்தில் யாரோ என் தோளைத் தட்டினார்கள். அக்கா. தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். என் மனைவி, பிள்ளைகள், வேலை என்று எதையும் விசாரிக்கவில்லை.

“சரி தம்பி, மேகம் எப்படி எறங்குச்சு?”

முதலில் வலம் வந்த கதையை ஒப்புக்கொண்டேன். அது அன்றைக்கே தெரியும் என்றார் அக்கா, தான் சொல்லாததைத் தான் சொன்னதாகத் தனக்கே தோன்றுமா என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒருத்தர்தான் எழுத முடியும் என்றபோது, உனக்கு வேலை வேண்டும், எனக்குக் கதை போதும் என்று முடிவு செய்தாராம். இப்போதாவது சொல் என்றார். நான் சொல்ல வாயெடுத்தேன். கப்பிகள் உண்டு, மேடைக்கு அடியில் ஏதோ உருளை உண்டு. அதற்கு மேல் சுத்தமாக மறந்திருந்தது. தேர்வுக்காகப் படித்தேன், தேர்வோடு விட்டேன். அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

அக்கா இரண்டு கைகளையும் தூக்கி, ஒன்றை மெல்ல இறக்கினார், மற்றதை அதே வேகத்தில் ஏற்றினார்.

“அந்தப் பக்கம் அதே அளவு வெய்ட் கட்டியிருப்பான்லா. சாமி எறங்க எறங்க அது ஏறும். ஒரு ஆள் போதும், ஒரு கையால எறக்கிடலாம்.”

அவர் கை ஏறுவதைப் பார்த்ததும் விரிவுரையாளர் கரும்பலகையில் வரைந்த படம் அப்படியே கண்ணுக்குள் வந்தது. அதேதான். எதிர்ப் பாரம், கயிறு, உருளை. அப்படித்தான் அக்கா என்றேன், அதுதான் கடைசிப் பாடம்.

“அப்ப நான் எழுதியிருந்தா பாஸ் பண்ணியிருப்பேனா, தம்பி?”