தலைகீழாக மாட்டியிருந்த கதவு

நம்பாதவர்கள் நெல்லித்தோப்பில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். படுக்கையறை வாசலில் கதவு கிடையாது. ஒரு பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். மரப்பட்டறை வைத்திருப்பவன் வீட்டில் கதவு இல்லையா என்று வருகிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். காரணத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்வதில் ஒரு சொல்கூட நானாகச் சேர்த்ததில்லை.

என் பெயர் மதிவாணன். பட்டறை தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில். இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய தேக்கை வாங்கி, அறுத்து, இழைத்து, கட்டிலும் மேசையும் ஜன்னலும் செய்து விற்கிறோம். புதுத் தேக்கு இருக்கப் பழையது எதற்கு என்று கேட்பார்கள். தேக்கில் இயற்கையாகவே ஓர் எண்ணெய் உண்டு. அதனால் கரையான் எளிதில் அண்டாது. அதில் அடித்த இரும்பாணி சீக்கிரம் துருப்பிடிக்காது. அந்தக் காலத்தில் கப்பல் கட்டியவர்கள் தேக்கைத் தேடி அலைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் வேம்பு, மாமரக் கதவுகள் ஈரத்தைக் குடித்து உப்பிவிடும். நிலையில் இறுகிக்கொண்டு திறக்காது. நன்றாக விளைந்த பழந்தேக்கு அப்படி உப்பாது. எந்த மழையிலும் சிக்காத கதவு வேண்டுமென்றால் அதுதான்.

போன ஐப்பசியில் பழைய மரக்கடை கமலக்கண்ணன் கூப்பிட்டார். கடற்கரைக்குச் சில தெரு தள்ளி ஒரு வீட்டை இடித்ததில் ஒற்றைக் கதவு ஒன்று வந்திருந்தது. கீல் இல்லாத குடுமிக் கதவு. அதாவது, கதவின் ஒரு ஓரத்தில் மேலேயும் கீழேயும் கட்டைவிரல் போல மரம் நீண்டிருக்கும். அதுதான் குடுமி. மேல்குடுமி நிலையின் மேல்சட்டக் குழியிலும், கீழ்க்குடுமி வாசற்படிக் குழியிலும் உட்கார்ந்து சுழலும். மேல்குழியை மட்டும் கொஞ்சம் ஆழமாக வெட்டியிருப்பார்கள். கதவை அப்படியே மேலே தூக்கினால் கீழ்க்குடுமி குழியைவிட்டு வெளியே வந்துவிடும். கழற்ற அது ஒன்றே வழி.

பார்த்தவுடன் ஆசை வந்துவிட்டது. விற்க மனமில்லை. என் வீட்டுப் படுக்கையறைக்கே வைத்துக்கொண்டேன்.

அதில் ஒரு தவறு இருந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். மரம் மண்ணில் எப்படி நின்றதோ அப்படியே வீட்டிலும் நிற்க வேண்டும். வேர்ப்பக்கம் கீழே, நுனி மேலே. பலகையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அதன் ரேகைகள் கூம்பு கூம்பாக ஓடும். கூம்பின் கூர்முனை மரத்தின் நுனியைக் காட்டும். இந்தக் கதவில் எல்லாப் பலகையிலும் கூர்முனை கீழே பார்த்தது.

என் பட்டறையில் வேலைசெய்யும் பக்கிரி குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“மாட்டினவன் நல்லா ஊத்திக்கினு மாட்டியிருக்கான், மொதலாளி. கதவு தலகீழா நின்னுச்சா, அவன் நின்னானான்னு தெரியல.”

சரியாகச் செய்துவிட வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. குடுமிகளைச் சீவினேன். கீழ்க்குடுமிக்கு இரும்புப் பூணை மாற்றிப் போட்டேன். வீட்டு நிலையில் குழி வெட்டி, வேர்ப்பக்கம் கீழே வரும்படி கதவைத் திருப்பி, பக்கிரியோடு சேர்ந்து மாட்டினேன். தாழ்ப்பாள் மட்டும் பாக்கி.

மறுநாளே தொடங்கியது.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கதவு தானாகத் திறந்தது. க்ரீ...ச். குடுமி சுழலும் ஓசை. நிலை சாய்ந்திருந்தால் கதவு தானாக நகரும். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. நேரான நிலையில் கதவு விட்ட இடத்தில் நிற்க வேண்டும். இது ஒவ்வொரு நாளும் ஒரே அளவுக்குத் திறந்தது. ஓர் ஆள் தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு.

ஒருநாள் கதவைத் தொட்டேன். மழைக்காலம். மரம் முழுக்கச் சில்லென்றிருந்தது. தோள் உயரத்தில் ஓர் இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கை அகலம்.

எங்கள் மகள் சுடர்விழிக்கு அப்போது எட்டு மாதம். தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டப் பழகியிருந்தாள். என்னைப் பார்த்து நீட்டுவாள். என் மனைவி மேனகாவைப் பார்த்து நீட்டுவாள்.

அந்த வாரம், ஆளில்லாத வாசற்படியைப் பார்த்தும் நீட்டினாள்.

மேனகா சிரித்தாள். நானும்தான்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. ஆறு மணிக்குக் கரண்ட் போனது. மேனகா குழந்தையோடு படுக்கையறையில் இருந்தாள். நான் சார்ஜ் விளக்கை எடுக்கச் சமையலறைக்குப் போனேன்.

க்ரீ...ச்.

திரும்பி வந்தேன். கதவு சாத்தியிருந்தது.

தள்ளினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்து அழுத்தினேன். சுவரைத் தள்ளுவது போலிருந்தது. மழையில் இறுகியிருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். தேக்கு இறுகாது. உள்ளே பூட்டிக்கொள்ள அதில் தாழ்ப்பாளும் இல்லை.

“மேனகா!”

மாடியில் தகரத்தின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பதில் வரவில்லை. போன் செய்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் மணி அடிப்பது கேட்டது. எடுத்தாள்.

“கதவத் தொற,” என்றேன்.

“தொறந்துதான இருக்குது.”

என் கை அந்தக் கதவின் மேல்தான் இருந்தது. சாத்திய கதவின் மேல்.

“மேனகா, வெளையாடாத.”

அவள் குரல் இறங்கிப்போனது.

“நீங்க வாசப்படில நிக்கிறீங்க... போன்ல யாரு?”

கதவிலிருந்து கையை எடுத்தேன்.

“நான் என்னா பண்றேன்?”

“கைய நீட்டிக்கினு நிக்கிறீங்க. பாப்பாவக் குடுன்னு.”

“குடுக்காத.”

“வாயே அசையல உங்களுக்கு... ஏங்க, பாப்பா தாவுது...”

“குடுக்காத, மேனகா. இறுக்கிப் புடிச்சுக்க.”

மாடிப்படிக்குக் கீழே கடப்பாரை இருந்தது. போனைத் தரையில் போட்டேன். கடப்பாரை முனையைக் கதவுக்கும் வாசற்படிக்கும் நடுவே செருகினேன். நெம்பினேன்.

அந்தக் கதவின் கனம் எனக்குத் தெரியும். பக்கிரியும் நானும் தூக்கி மாட்டியது. இப்போது அது மூன்று மடங்கு கனத்தது. அந்தப் பக்கம் யாரோ ஏறி நிற்பது போல.

தரையில் கிடந்த போனிலிருந்து மேனகாவின் குரல்.

“உள்ள வருது...”

முழு உடம்பையும் போட்டு நெம்பினேன்.

ஒரு விரல்.

இரண்டு விரல்.

ணங்!

குடுமி குழியைவிட்டு வந்தது. கதவு என் தோளை உரசிக்கொண்டு சாய்ந்து விழுந்தது.

உள்ளே அரையிருட்டு. விளக்கைத் தூக்கினேன்.

கட்டிலின் மூலையில் மேனகா. குழந்தையை மார்போடு அழுத்தியிருந்தாள். இருவரையும் தவிர யாரும் இல்லை. குழந்தையின் கைகள் மட்டும் நீண்டிருந்தன.

எனக்கு இடப்பக்கம், வெறும் காற்றில்.

ஓர் அடி எடுத்து வைத்தேன்.

“அங்கியே நில்லுங்க,” என்றாள்.

கரண்ட் வரும்வரை அங்கேயே நின்றேன். வந்த பிறகும் அவள் குழந்தையை என்னிடம் தரவில்லை. விடியும்வரை தரவில்லை.

அடுத்த நாள் கதவைப் பட்டறைக்கு எடுத்துப் போனோம். அந்த வீட்டுக்காரர் யார் என்று கமலக்கண்ணனிடம் கேட்டேன். செல்வாம்பாள் என்று எண்பதை நெருங்கிய அம்மாள், முத்தியால்பேட்டையில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். போனேன். கதவை வாங்கியவன் என்று சொன்னதும், அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, “நேராக்கிட்டியா?”

ஆமாம் என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது, ஒரு மழைநாள் சாயங்காலம். கைக்குழந்தையான தம்பியோடு அம்மா அந்த அறையில் இருந்திருக்கிறார். அப்பா வாசற்படிக்கு வந்து கையை நீட்டினார். அம்மா தம்பியைக் கொடுத்தார். அப்பா திரும்பி நடந்து போனார். அதற்குப் பிறகு தம்பியை யாரும் பார்க்கவில்லை. யார் சொல்லியோ கதவைக் கழற்றித் தலைகீழாக மாட்டினார்கள். அதோடு நின்றது.

உங்கள் அப்பாவை யாரும் கேட்கவில்லையா என்றேன்.

“எங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தா, சிப்பாயி. அன்னிக்கு அவுரு சைகோன்ல இருந்தாரு. கப்பல் ஏறி வரவே இன்னும் ரெண்டு வருசம் ஆச்சு.”

இதை மேனகாவிடம் நான் சொல்லவே இல்லை. ஏற்கெனவே அவளுக்குத் தூக்கம் போயிருந்தது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் தானாகவே பேசினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அன்னிக்கு அது ஒரு கையத்தான் நீட்டுச்சு.”

அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

“இன்னொரு கையில வெள்ளத் துணியில என்னாத்தையோ சுத்தி, நெஞ்சோட வெச்சிருந்துச்சு. தலகாணின்னு நெனச்சேன்...”

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“அது அசஞ்சுதுங்க.”