ரெஜினாவின் இரண்டு கார்கள்

தேர்வறையில் விடைத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்றார். "மேடம், பாகூர் ரோட்டுல ரெஜினா மேடம் கார் கவுந்துடுச்சாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். சாவுச் செய்தி கேட்டவர்கள் யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்டேன்.

"எந்தக் கார்?"

"புதுசு மேடம்."

மீதி விடைத்தாள்களைக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

இந்தக் கல்லூரியில் உங்களுக்கெல்லாம் அவர் வேதியியல் துறை ரெஜினா மேடம். பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்த எனக்கு அவள். வில்லியனூரில் அவள் வீட்டைச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்பார்கள். அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவருடைய நண்பர் ஒருவர் பிரான்சுக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. தரையில் உட்கார்ந்து போவது போலிருக்கும். வில்லியனூரிலிருந்து பாகூர்ப் பக்கம் இருக்கும் நம் கல்லூரிக்குப் பதினெட்டு வருடம் அதில்தான் அவளோடு வந்தேன். சத்தம் சொல்லி மாளாது. "மேடம் வில்லியனூர்ல ஸ்டார்ட் பண்ணா இங்க பெல் அடிச்சிடலாம்" என்று மாணவர்கள் கிண்டல் செய்வதை அவளே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அறுவடைக் காலத்தில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து தாரின்மேல் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப்போனால் காய் உடைந்து உளுந்து உதிரும். ரெஜினாவின் கார் அதன்மேல் போக முடியாது. செடி அடியில் சுற்றிக்கொள்ளும். ஒருமுறை புகைக்குழாய்ச் சூட்டில் பற்றிக்கொண்டு புகைந்தேவிட்டது. குடத்தோடு ஓடிவந்து தண்ணீர் ஊற்றியவள் தனம் என்ற பெண். அன்றிலிருந்து அந்தச் சத்தம் தூரத்தில் கேட்டாலே தனமும் கூட இருக்கும் பெண்களும் எழுந்து, செடியை ஒதுக்கி, எங்களுக்கு வழி செய்துவிடுவார்கள். "டீச்சரம்மா தேர் வருது, ஒதுங்குங்கடி" என்பாள் தனம். ரெஜினா கையைத் தூக்கிக் கும்பிடுவாள்.

போன வருடம் வில்லியனூர் ரயில்வே கேட்டில் பிரேக் பிடிக்கவில்லை. அவள் மிதித்த மிதி அப்படியே உள்ளே போனது. மூன்றாவது மிதியில் கார் நின்றபோது அதன் மூக்குக்கும் கேட்டுக்கும் ஒரு சாண்தான். ரயில் கடந்து போனது.

"இன்னாடி, உயிர் போயிடுச்சா?" என்றாள்.

"இதை மாத்து" என்றேன்.

மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார். "பார்ட்ஸே வர்றதில்ல மேடம். நான் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டிக்கினுகிறேன். இதே கம்பெனியில புது மாடல் வந்துகிது, பாருங்க." ரெஜினாவுக்கு மனம் வரவில்லை. வாரக்கணக்கில் யோசித்தாள். கடைசியில், "நீ கணக்கு டீச்சர். நீ சொல்லு, கேக்கறேன்" என்றாள்.

ஆசிரியர் அறையில் ஒரு தாளில் பழைய காரின் குறைகளை வரிசையாக எழுதினேன். பிரேக். காற்றுப்பை இல்லை. பெல்ட் பிடிப்பதில்லை. கடைசியில் எட்டாவதாகச் சத்தம் என்று எழுதினேன்.

"சத்தத்த ஏன்டி குறையில சேக்கற? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது" என்றாள்.

"எனக்குக் காது வலிக்குது" என்றேன்.

தை கடைசியில் புதுக் கார் வந்தது. மாதா கோயிலில் பாதிரியாரிடம் மந்திரித்துக்கொண்டு வந்தாள். அதுவும் தரையை ஒட்டியதுதான். ஆனால் சத்தமில்லை, ஓடுவதே தெரியவில்லை. முதல் நாளே, உளுந்து பரப்பும் வளைவில், சாலையோரம் நடந்துகொண்டிருந்த தனத்தின் பக்கத்தில் போய் நிறுத்தினாள். தனம் பதறித் திரும்பினாள்.

"எம்மா, நீயா? பேய் மாதிரி வந்து நிக்கிறியே! பழசு எங்க?"

"மாத்திட்டேன் தனம்."

"உளுந்து போட்டா நீ வர்றது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆரன் அடிப்பாங்க" என்று நான் குறுக்கே சொன்னேன்.

"ஆரன எல்லா வண்டியுந்தான் அடிக்குது. அதுக்கெல்லாம் எழுந்துகினு இருந்தா வேல ஓடுமா?"

ரெஜினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குச் சகுனத்திலும் நம்பிக்கையில்லை, தேவையற்ற பயத்திலும் நம்பிக்கையில்லை. "போலாம், நேரமாச்சு" என்றேன். உளுந்து அப்போது பூவைக்கூட எட்டவில்லை. பிறகு பூத்தது, காய்த்தது, கறுத்தது. தினமும் இரண்டு பக்கமும் அதைப் பார்த்துக்கொண்டே வந்தோம். வளைவு வரும்போது மட்டும் அவள் வேகத்தைக் குறைப்பாள்.

கார் கவிழ்ந்த அன்று எனக்குத் தேர்வுப் பணி என்பதால் முன்னதாகவே பஸ்ஸில் வந்துவிட்டேன். என் பஸ் போகும்போது சாலை வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகுதான் செடியைப் பரப்பியிருக்கிறார்கள். ரெஜினா வளைவில் திரும்பியபோது தனமும் இன்னொரு பெண்ணும் நடுச் சாலையில் முதுகைக் காட்டிக் குனிந்து செடியைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஆரன் அடித்திருக்கிறாள், அவர்கள் நிமிரவில்லை. ஒடித்துத் திருப்பியிருக்கிறாள். காய்ந்த செடியில் சக்கரம் வழுக்கி, கார் மதகுச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. பழைய காரில் இல்லை என்று நான் எழுதியிருந்த காற்றுப்பைகள் எல்லாம் விரிந்திருந்தன. பெண்கள் இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

சாவு வீட்டில் தனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தச் சத்தம் கேட்டிருந்தா வழி உட்டிருப்பனே டீச்சரம்மா, எப்பவும் உடுவனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பழைய கார் ஒருநாள் அந்த ரயில்வே கேட்டிலேயே அவளைக் கொன்றிருக்கும் என்று சொல்லி எனக்கு ஆறுதல் தருகிறார்கள். இருக்கலாம். என் பட்டியலில் மற்ற ஏழும் இப்போதும் சரியானவைதான்.

பதினாறாம் நாள் அவள் தங்கை, குறைகளை எழுதிய அந்தத் தாளை என்னிடம் கொடுத்தாள். புதுக் காரின் டேஷ்போர்டுக்குள் நான்காக மடித்து வைத்திருந்தாளாம். ரெஜினாவிடமிருந்து எனக்கென்று வந்தது அது ஒன்றுதான். எட்டாவது வரி என் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது. நான் அதை அடிக்கவில்லை.