பேட்டரி வண்டியில் ஒரு சவாரி

எழுதத் தெரியாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளில் எங்கள் கும்மிடிப்பூண்டி ஆலையில் பேட்டரி வண்டியில் சரக்கு ஏற்றிச் செல்வார் ஓர் ஒல்லி மனிதர். யாரையும் ஏற்றமாட்டார். மேடு வந்தால் தாமும் இறங்கி, வண்டியோடு நடப்பார். வழியில் சார்ஜ் தீர்ந்தால் ஷெட்வரை தனியாகத் தள்ள வேண்டுமே!

ஒரு மாலை, “பெரிய பேட்டரி கேட்கலாமே?” என்றேன்.

“அந்த கனத்துக்கு சக்கரம் மண்ணுல அமுங்கும், மோட்டாரு திணறும். தன்னத் தூக்கவே அதுக்கு சரியாப்பூடும் சார்,” என்று சிரித்தவர், “ஏறிக் குந்துங்க,” என்றார்.

“சார்ஜ் தீர்ந்துட்டா?”

“இன்னிக்குத்தான் ரெண்டு பேரு கீறோமே.”

பாதி வழியில் வண்டி நின்றது. சேர்ந்து தள்ளினோம். ஷெட்டில் வண்டியை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வண்டியை வேறொருவர் ஓட்டினார். முந்தின நாள்தான் அந்த ஒல்லி மனிதருக்கு வேலையில் கடைசி நாளாம்.