மதலேனாள் கேட்ட கடைசி ஒன்றரைப் பக்கம்

மதலேனாளை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. நூலகத்துக்குள் வருகிறவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். இந்தப் பொம்பளை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரு முழுக்கக் கேட்கும். "என்ன சாரே, உசுரோட இருக்கீகளா?" என்பதுதான் அவளுடைய வணக்கம். அந்தச் 'சாரே', மலை மெட்டுக்கு மேலே கேரளப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் மலையாளிகளோடு இருபது வருடம் புழங்கி ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு வார்த்தையோடு கொஞ்சம் பதவிசும் ஒட்டியிருக்கலாம். ஒட்டவில்லை.

என் பெயர் செல்வின். தேவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருபத்தாறு வருடமாக ஊர்ப்புற நூலகனாகக் குப்பை கொட்டுகிறேன். இந்த ஊரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் கிடையாது. பேப்பர் படிக்க வருகிற நான்கு பெரிசுகள், ராசிபலனை மட்டும் கிழித்துக்கொண்டு போகிற ஒரு ஆள், மின்விசிறிக்குக் கீழே தூங்குவதற்காகவே போட்டித் தேர்வுக்குப் படிக்கிற இரண்டு இளவட்டங்கள். இவர்கள்தான் என் வாசகர்கள். இவர்களுக்கெல்லாம் மேலே மதலேனாள். கையெழுத்துப் போடுவதைத் தவிர அவளுக்கு ஓர் எழுத்து தெரியாது.

வயது ஐம்பத்திரண்டு. விஜய்ராஜ் ஓட்டுகிற ஜீப்பில் பன்னிரண்டு பெண்களில் ஒருத்தியாக நெருக்கியடித்து உட்கார்ந்து, விடியற்காலை ஐந்தரைக்கு மெட்டு ஏறுவாள். நாள் முழுக்க ஏலக்காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவாள். புருசன் அந்தோணிமுத்து திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டுகிறார். இருக்கிறார் என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கும் சேர்த்து இவளே பேசிவிடுவாள். ஒரு கிறிஸ்துமஸுக்குக் குடிலில் வைத்த ஆட்டுக்குட்டி மாட்டைவிடப் பெரிதாக இருக்கிறது என்று பூசை முடிந்த கையோடு பங்குச்சாமியாரிடமே தகராறு பண்ணினாள். சாமியார் சிரித்துக்கொண்டே ஆட்டை எடுத்துவிட்டார். அதற்கும் சண்டை, ஆடு இல்லாமல் அதென்ன குடில் என்று.

ஜீப்பில் ஓரச் சீட்டுக்காக, கூட வேலைக்கு வருகிற மாயக்காளோடு மூன்று வருடம் பேசாமல் இருந்தாள். ஒருநாள் மலைப்பாதையில் மாயக்காளுக்கு வாந்தி வந்தது. மதலேனாள் எழுந்து அந்தச் சீட்டை அவளுக்குக் கொடுத்தாள். அன்றைக்கு முதல் இரண்டு பேரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிடுகிறார்கள். இதை ஊரில் பெரிய விஷயமாகச் சொன்னார்கள். மூன்று வருடம் முறைத்துக்கொண்டு திரிந்ததை யாரும் சொல்லவில்லை.

இவள் வயிற்றில் எப்படித்தான் ஜெசி வந்து பிறந்தாளோ! ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக நூலகத்துக்கு வருவாள். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது தூசி தட்டிக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். 'புற்றுக்குள் விருந்தாளி' என்று ஒரு சிறுவர் நாவல். மூன்று தலைமுறைப் பிள்ளைகள் படித்து, நான்கு முறை அட்டை மாற்றின புத்தகம். வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட ஒரு கீரிக்குட்டி பாம்புப் புற்றுக்குள் விழுகிறது. உள்ளே ஒரு கிழட்டு நாகம். அது குட்டியைக் கொத்தாமல் விட்டுவிடுகிறது. இரண்டும் பேசிப் பழகிச் சிநேகமாகின்றன. கீரிக்கூட்டம் குட்டியைத் தள்ளி வைக்கிறது, பாம்புக்கூட்டம் கிழவனைத் தள்ளி வைக்கிறது. கீரிக்கும் பாம்புக்கும் சிநேகமாம்! இந்த மாதிரிக் கதையெல்லாம் எனக்கு ஆகாது. இருபத்தாறு வருடத்தில் நான் அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்ததே இல்லை. சின்னப்பிள்ளைப் புத்தகத்தில் படிக்க என்ன இருக்கிறது?

ஜெசி அதை எடுத்துப்போய், மதலேனாள் சாயங்காலம் மொச்சை உரிக்கும்போது ஒவ்வோர் அத்தியாயமாகப் படித்துக் காட்டுவாளாம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பாதி. அப்புறம் நர்சிங் படிப்பு முடித்துத் தேனியில் வேலைக்குப் போன பிறகு, லீவுக்கு வரும்போதெல்லாம் மீதி. பதினான்கு அத்தியாயம் முடிந்தது. பதினைந்தாவதைப் படிப்பதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. மாப்பிள்ளை மாரிசெல்வம், வருசநாட்டில் இலவம்பஞ்சு விவசாயம். வேறு சாதி, வேறு சாமி. கேட்க வேண்டுமா!

மாப்பிள்ளை ஊர்க் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு ஜெசி பொட்டும் தாலியுமாக ஆசீர்வாதம் வாங்க வந்து நின்றாள். என் வீடும் அதே தெருதான், எல்லாம் கண்ணால் பார்த்தேன். மதலேனாள் வாசலை மறித்து நின்று, "இந்த வேசத்தோட எவளோ வந்து நிக்கிறா. ஏ மக செத்துப்போயிட்டா" என்று கத்தினாள். ஜெசி அழவில்லை. "அந்தக் கதையக் கடைசி வரைக்கும் கேட்டிருந்தா நீ இப்படிப் பேசமாட்டம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெற்ற பிள்ளையைத் தெருவில் நிறுத்திப் பேசினவளை ஊரில் ஒருவரும் தட்டிக் கேட்கவில்லை. நானும்தான். எனக்கென்ன வந்தது?

நான்கு வருடம் ஓடிவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. நான் கதவைச் சாத்தப் போகிற நேரம். பூசைக்குக் கட்டின சேலையோடு மதலேனாள் வந்தாள். கையில் ஒரு மஞ்சப்பை. அதிசயமாகக் குரல் தணிந்திருந்தது.

"சாரே, அந்தக் கீரிப்பிள்ளைப் புத்தகம் இருக்கா?"

"இருக்கு. நீ எடுத்துப்போய் என்ன பண்ணப்போற?"

"நீங்க படிச்சுச் சொல்லணும். கடைசி மூணு அத்தியாயம் கேக்காமக் கெடக்கு."

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. ஜெசிக்கு ஏழாம் மாசம். புதன்கிழமை பத்து மணிக்கு வருசநாட்டில் வளைகாப்பு. மாப்பிள்ளையே நேரில் வந்து அழைத்திருக்கிறான். அவனிடம் ஜெசி சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: அம்மா அந்தக் கதையின் கடைசியைக் கேட்டுவிட்டு, மனசிருந்தால் வரட்டும்.

"அதனால நான் மாதாகிட்ட சொல்லிட்டேன். புது வருசத்துக்குக் கோயில்ல பைபிள் வசனச் சீட்டு எடுப்போம்ல, வர்றதுதான் சாமி வாக்குன்னு, அதுமாதிரி இது எனக்குச் சீட்டு. கதையில கீரியும் பாம்பும் சேந்துச்சுன்னா போறேன். சேரலைன்னா அவ வழி அவளுக்கு, ஏ வழி எனக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்மா, வேதாகமத்துல சீட்டு எடுப்பாக, சரி. கீரிப்பிள்ளைக் கதையிலயா எடுப்பாக? உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"எனக்கு இருக்கிற புத்திக்கு இதுதான்" என்றாள்.

மஞ்சப்பை வாய் திறந்து கிடந்தது. உள்ளே கண்ணாடி வளையல், சிவப்பும் பச்சையுமாக டஜன் டஜனாக, எல்லா அளவிலும். வளைகாப்புக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் போட்டுவிடுகிற அளவுக்கு இருந்தது. போகலாமா வேண்டாமா என்று சீட்டுப் பார்க்க வந்தவள், சின்னமனூர் போய் வளையலும் வாங்கி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். அது எனக்கு அப்போதே புரிந்தது. புரியவில்லை என்று பொய் சொல்லப் போவதில்லை.

படித்தேன். வேண்டாவெறுப்பாக, ரயில் ஓடுகிற வேகத்தில். அவள் இடையிடையே "மெல்ல, சாரே" என்றாள். மணி ஒன்றைத் தாண்டியது. வீட்டில் கறிக்குழம்பு. கடைசி அத்தியாயத்தில் மழை வலுக்கிறது, கீரி ஊரைவிட்டுப் போய்விடுகிறது, பிறகு மனசு கேட்காமல் புற்றுக்குத் திரும்பி வருகிறது. வாசலில் நாகம் நீட்டிக் கிடக்கிறது. கீரி கூப்பிடுகிறது, அசைவில்லை. தொட்டுப் பார்க்கிறது, எடையே இல்லை. அந்தப் பக்கம் அங்கே முடிந்தது. நான் புத்தகத்தை மூடினேன்.

"அம்புட்டுத்தான். பாம்பு செத்துப்போச்சு."

அவள் அட்டையைப் பார்த்தாள். "கீரி பிந்தி வந்துருச்சா?"

"பிந்தித்தான் வந்துச்சு. எந்திரி, கதவச் சாத்தணும்."

எழுந்தாள். மஞ்சப்பையை மறந்து வாசல் வரை போனவள், திரும்பி வந்து எடுத்துக்கொண்டாள். வாய் ஓயாத பொம்பளை, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. தொல்லை விட்டது என்று நான் போய்ச் சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது.

திங்கள்கிழமை சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்கள் கையிலெல்லாம் புது வளையல். மாயக்காள் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தாள், "மதலேனா குடுத்தா. ஏன்னு கேட்டா, இனி எனக்கு எதுக்குன்னுட்டா." எனக்கு ஏதோ உறுத்தியது. உறுத்தலைத் தூக்கித் தூரப் போட்டுவிட்டு வந்தேன். கழுதை, ஒரு கதையைக் கேட்டு மகளை விடுகிறவள் எப்படிப் போனால் என்ன என்று.

செவ்வாய்க்கிழமை, கிழிந்த புத்தகங்களைக் கழித்துக்கட்டப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தேன். 'புற்றுக்குள் விருந்தாளி' கையில் வந்தது. கடைசித் தாள் இருக்கிறதா என்று புரட்டினேன். நான் மூடின பக்கத்துக்குப் பிறகு இன்னும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. நின்றபடியே படித்தேன். அப்புறம் உட்கார்ந்தேன்.

அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கிளம்பினேன். தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். நான் போய் அந்தப் பொம்பளையிடம், தப்பு என் பேரில் என்று சொல்வதா? ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துவாளே! என் லட்சணம் அவ்வளவுதான். ஊரையெல்லாம் இளக்காரமாகப் பேசுகிறவனுடைய யோக்கியதை இது.

புதன்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு ஜீப் கிளம்பிவிட்டது. நான் குறுக்கே போய் நின்றேன். விஜய்ராஜ் பிரேக்கை மிதித்துவிட்டு, "என்ன சார், சாகுறதுக்கு ஏ வண்டிதான் கெடச்சதா?" என்றான். உள்ளே மதலேனாள் மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மதலேனா, கதை முடியல. இன்னும் ஒன்றரைப் பக்கம் இருக்கு."

நான் ஹெட்லைட் வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு படித்தேன். இந்தத் தடவை மெல்லப் படித்தேன்.

கீரி அழுது ஓய்ந்ததும் புற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் வருகிறது. "யாருக்காக அழுகிறாய்?" என்று. "செத்துப்போன என் சிநேகிதனுக்காக" என்கிறது கீரி. "நான் உரித்துப் போட்ட தோலையா கட்டிக்கொண்டு அழுகிறாய்? மேலே இருந்தது மாறியிருக்கிறது. ஆள் நான்தான், உள்ளேதான் இருக்கிறேன். புதுத்தோல், வெயில் தாங்காது. என்னால் வெளியே வர முடியாது. நீதான் உள்ளே வரவேண்டும்." கீரி உள்ளே போகிறது. கதை முடிகிறது.

மதலேனாள் கேட்டாள், "இது ஞாயித்துக்கிழமையே புத்தகத்துல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்பறம் ஏன் படிக்கல?"

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "பசிச்சது" என்றேன்.

மாயக்காள் வெளியே தலையை நீட்டி, என் காலுக்குப் பக்கத்தில் காறித் துப்பினாள். மதலேனாள் கீழே இறங்கினாள். அழுதுகொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, "நான் இன்னிக்கு வேலைக்கு வரல. பஸ்ஸப் பிடிச்சு ஏ மககிட்டப் போறேன்" என்றாள்.

"வெறுங்கையோடயா போவ?" என்றாள் மாயக்காள்.

"அந்த வளையல எல்லாம் கழட்டித் தாங்கடி."

"கையில ஏறுன வளையலக் கழட்டியா வளைகாப்புக்குக் குடுப்ப? நல்லாருக்குடி நாயம்! கழட்டமாட்டோம். கையோட வர்றோம். போட்டதுபோக மிச்சம் ரெண்டு டஜன் ஏ வீட்டுல கெடக்கு, அது ஒம் மகளுக்கு."

"தாய்வீட்டுச் சோறு வேணுமேடி, ஏழு வகை. ஒண்ணும் ஆக்கலையே."

பின்னால் இருந்த சண்முகத்தாய் தன் தூக்குவாளியைத் திறந்து காட்டினாள். "புளிச்சோறு." அடுத்தவள், "தக்காளிச்சோறு." தயிர்ச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு என்று வரிசையாக மூடி திறந்தது. ஒருத்தி மட்டும் வெட்கப்பட்டு, "நான் கருவாட்டுக் குழம்பு" என்றாள். "அதுவும் வரட்டும், மசக்கைக்காரிக்கு நாக்கு கேக்கும்" என்றாள் மாயக்காள். "ஏலே விஜய்ராஜு, வண்டியத் திருப்புலே. வருசநாட்டுக்கு விடு."

"தோட்டத்துல கேட்டா நான் என்ன சொல்ல?"

"டயர் போச்சுன்னு சொல்லு!"

ஜீப் திரும்பியது. மதலேனாள் ஏறுவதற்கு முன் என் எதிரே வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். தெருவே கேட்கட்டும், கத்தித் தொலைக்கட்டும் என்றுகூட இருந்தது. அவள் கத்தவில்லை. கையை நீட்டிப் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அட்டையில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"இது இனி உங்ககிட்ட வேண்டாம் சாரே. கடைசி வரைக்கும் படிக்கத் தெரிஞ்சவகிட்டக் குடுத்துட்டு வர்றேன்."

ஜெசிக்குப் போன மாதக் கடைசியில் பெண் குழந்தை பிறந்துவிட்டதாம், கொஞ்சம் முன்கூட்டியே. மதலேனாள் அங்கனயேதான் இருக்கிறாளாம். அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது. முகம்தான் இல்லை.