மாமா காட்டிய குன்றுகள்

மாமாவின் காரில், முன்பக்கக் கதவுப் பையில், மடிப்புகள் கிழிந்து செலோடேப் ஒட்டிய ஒரு வரைபடம் இருக்கும். விரித்தால் என் இரண்டு கைகளுக்கும் அடங்காது. அதில் அங்கங்கே நீல நிறத்தில், பாதிச் சூரியன் கதிர் விரித்ததைப் போல, சின்னச் சின்னக் குறிகள். இதெல்லாம் என்ன என்று முதல் நாள் கேட்டேன். "வியூ பாயிண்ட் மச்சான். அங்க நின்னு பாத்தா நல்லா இருக்கும்னு அர்த்தம்" என்றார். அங்கே என்ன இருக்கும் என்றேன். "ஒண்ணும் இருக்காது. தூரமா தெரியும், அவ்ளோதான்." நின்று பார்ப்பதற்கென்றே ஓர் இடத்தை வரைபடத்தில் குறித்து வைப்பார்களா என்று எனக்கு விளங்கவில்லை. அந்த மூன்று வாரங்களில் எனக்கு விளங்காமல் போனவற்றில் அதுதான் மிகச் சிறியது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு கோடையில் நானும் அம்மாவும் இங்கிலாந்துக்குப் போனோம். அக்கா அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மாமா, அக்காவின் கணவர், ஸ்ரீமுஷ்ணத்துக்காரர், கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமாகி நான்கு வருடங்கள் ஆகியிருந்தன, குழந்தை இல்லை. "உன்னை ஒரு தடவை அங்க கூப்பிட்டுக்கிறேம்மா" என்று அக்கா கல்யாணத்தன்றே சொல்லியிருந்தாள். அம்மா அதை மறக்கவில்லை, அக்காவையும் மறக்க விடவில்லை. அப்பா இறந்தபின் அம்மா விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் பொம்மை பினிஷிங் வேலை செய்துதான் எங்களை வளர்த்தாள். அச்சிலிருந்து வரும், இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரத்தில் ஒரு கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிளேடால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, சூளைக்கு அனுப்புவது வேலை. நானும் செராமிக் டிப்ளமா முடித்து அதே தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் இருவருக்கும் கடலூருக்கு அப்பால் பெரிய பயணம் என்று எதுவும் வாய்த்ததில்லை.

போன மறுநாளிலிருந்தே மாமா எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். காலை எட்டு மணிக்கு வாசலில் மணி அடிக்கும். அக்கா போய்த் திறப்பாள். "நைட் ஷிப்ட் முடிஞ்சி நேரா வர்றாரு" என்பாள். இரவெல்லாம் வேலை செய்தவர் பகலெல்லாம் எங்களுக்குக் காரோட்டினார். சாயங்காலம் எங்களை வீட்டில் இறக்கிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, "ஷிப்டுக்கு நேரம் ஆச்சி அத்த, போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். வெளியே ஒன்பது மணிக்கும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். இந்த மனிதர் எப்போதுதான் தூங்குகிறார் என்று நான் குழம்பினேன். தன் வீட்டுக்கு அவர் ஏன் மணியடித்துக் காத்திருக்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஒருநாள் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போனவர், சர்க்கரை டப்பாவைத் தேடி மூன்று கதவுகளைத் திறந்து மூடினார். ஹாலில் மாட்டியிருந்த கல்யாணப் படத்துக்குக் கீழே, தரையோரமாக, ஆணியடித்த சுவர்த்தூள் அப்படியே கிடந்தது. இதையெல்லாம் நான் பார்த்தேன். அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. பார்த்ததை ஒன்றோடொன்று சேர்க்கத் தெரியவில்லை.

அம்மாவுக்கு வேறு குழப்பங்கள். வயல்களுக்கு நடுவே ஆளுயரத்துக்கு மேலான கற்களை வட்டமாக நட்டிருந்த ஓர் இடத்துக்கு மாமா கூட்டிப்போனார். கற்களுக்கிடையில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் நடந்தாள். பழமலைநாதர் கோயில் பிரகாரத்தைச் சுற்றுவது போலப் பாதி வட்டம் சுற்றிவிட்டு நின்றாள்.

"சாமி எங்க மாப்ள?"

"சாமி இல்ல அத்த."

"அப்பறம் எதுக்கு நட்டாங்க?"

"யாருக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சி."

"தெரியாமயா இத்தினி பேரு வந்து பாக்குறாங்க?" என்று அம்மா சுற்றிலும் நின்ற வெள்ளைக்காரர்களைப் பார்த்தாள். இருந்தாலும் ஒரு கல்லின் மேல் கையை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாமாவும் அவளுக்குத் துணையாக அப்படியே செய்தார்.

இன்னொரு நாள் ஒரு குன்றின் மேல் வெள்ளைக் குதிரை இருக்கிறது என்று அழைத்துப்போனார். அன்று அக்காவுக்கும் விடுமுறை. பின்சீட்டில் அம்மாவோடு அவள் உட்கார்ந்துகொள்ள, முன்னால் நான். ஒரு மணி நேரப் பயணத்தில் அக்காவும் மாமாவும் பேசிக்கொண்டது, "லெஃப்டா?", "ஆமா" என்ற இரண்டு சொற்கள்தான். காற்று ஆளைத் தள்ளியது. புல்வெளியில் வாய்க்கால் போல வெட்டிய ஒரு வெள்ளைப் பட்டை வளைந்து போனது.

"குதிரை எங்க?"

"இதுதான் அத்த. அதுக்குப் பக்கத்துலதான் நிக்கிறோம். புல்ல வெட்டி வரைஞ்ச குதிரை. இது கழுத்து. காலு கீழ இருக்குது."

அம்மா குனிந்து, பாதையில் உதிர்ந்து கிடந்த வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தாள். "இது களிமண்ணு இல்ல, சுண்ணாம்பு. சூளையில வச்சா வெடிச்சிப்புடும்" என்றாள். மாமா வாய்விட்டுச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான்கு வருடம் குடித்தனம் செய்தவர்களுக்கு என்ன வெட்கம் என்று நினைத்தேன்.

குதிரையை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால், மாமா கீழே இறங்கி, பல மைல் தள்ளி ஒரு வயலோரச் சாலையில் காரை நிறுத்தினார். அங்கிருந்து அது தெரிந்தது, விரல் நீளத்துக்கு. குதிரை மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு டியூட்டி. நாங்கள் மூவர் மட்டும் ஒரு மேட்டுக்குப் போனோம். மேலே ஒரே ஒரு மரப் பெஞ்சு. கீழே வயல்களும் வேலிகளும் ஒரு தேவாலயக் கூரையும் தெரிந்தன. பெஞ்சில் பித்தளைத் தகடு ஒன்று பதித்திருந்தது. இந்த இடத்தை விரும்பிய ஒருவருடைய நினைவாக அவர் மனைவி வைத்தது என்று மாமா படித்துச் சொன்னார். அம்மா அந்தப் பெயரைக் கையால் தடவிவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். செத்தவருக்கும் இடம் விட்டது போல இருந்தது. கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்றை மாமாவுக்குத்தான் முதலில் கொடுத்தாள். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், சாதாரணமாகக் கேட்டாள்.

"மாப்ள, நீங்க எங்க தங்கியிருக்கீங்க?"

கேள்வி எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கு ஏதோ தடுமாற்றம் என்று நினைத்து, "நம்ப அக்கா வூட்லதாம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். மாமாவின் கை டப்பாவிலேயே நின்றுவிட்டது.

"பக்கத்துலதான் அத்த. ஒரு ரூம்பு எடுத்திருக்கேன்."

"எத்தினி நாளா?"

"பதினாலு மாசம் ஆவுது."

"ரூம்புல சமைக்கிறதுக்கு வசதி இருக்குதா?"

"இருக்குது."

அம்மா தலையசைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. யார் மேல் தப்பு என்று கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் புளிச்சோற்றை அவர் டப்பாவில் வைத்தாள். "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. எனக்காக எவ்ளோ பாடுபட்டு ஜோடிச்சி வச்சிருக்கா. நான் போறவரைக்கும் இப்பிடியே இருக்கட்டும்" என்றாள். மாமா அழுதார். நான் எழுந்து வேலிப் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். அந்த மேட்டிலிருந்து எவ்வளவு தூரம் தெரிந்தது என்று எனக்கு நினைவில்லை.

அன்றிரவு எப்படித் தெரியும் என்று அம்மாவிடம் கேட்டேன். "வந்த அன்னிக்குக் கொடியில துணி காய்ஞ்சிது. ஒரு ஆம்பளத் துணி இல்ல" என்றாள்.

மிச்சமிருந்த ஐந்து நாட்களும் எதுவும் மாறவில்லை. காலையில் மணி அடித்தது, அக்கா திறந்தாள். இடிந்த மடாலயம் ஒன்றையும், ரோமானியர்கள் போட்டது என்று சொல்லப்பட்ட ஒரு சாலையையும் பார்த்தோம். அக்கா அம்மாவுக்காக நடித்தாள். அம்மா அக்காவுக்காக நடித்தாள். மாமா இருவருக்காகவும் நடித்தார். நான் யாருக்காக என்று தெரியாமல் நடித்தேன். சில சமயம், சாயங்கால டீயின்போது, நாங்கள் நான்கு பேரும் சந்தோஷமாகவே இருந்தோம் என்பதுதான் எனக்கு இன்றும் பிடிபடவில்லை. பொய் என்றால் அது எந்த இடத்தில் தொடங்கியது, எந்த இடத்தில் நின்றது என்று என்னால் கோடு போட முடியவில்லை.

அடுத்த வருடம் அக்கா போனில் விவாகரத்து பற்றிச் சொன்னாள். அப்போதுதான் முதல்முறை கேட்பவள் போல அம்மா அழுதாள். அந்த அழுகை நிஜம். பின்னாளில் அக்காவிடம் காரணம் கேட்டேன். "சண்டையெல்லாம் இல்லடா. எனக்கே பாதி புரியல, உனக்கு என்னத்தச் சொல்ல?" என்றாள்.

அதற்கும் இரண்டு வருடம் கழித்து மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஸ்ரீமுஷ்ணத்தில் அவருக்கு மறுமணம். பத்திரிகையைத் தாம்பூலத்தோடு நீட்டினார். "நாங்க வரலாமா?" என்றாள் அம்மா. "நீங்க வரணும் அத்த." எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பியதால் நானும் பஸ் ஏறினேன்.

மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெண்வீட்டு அம்மாள் எங்களைப் பார்த்து, "வாங்க வாங்க, நீங்க மாப்ளைக்கு என்ன வேணும்?" என்றாள்.

"அத்த" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் அதை மாப்பிள்ளையுடைய அப்பாவின் தங்கை என்று எடுத்துக்கொண்டாள். "மாப்ளயோட அத்த வந்திருக்காங்க" என்று உள்ளே குரல் கொடுத்து, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் முதல் வரிசையில் உட்காரவைத்தாள். அப்பா இறந்ததிலிருந்து கல்யாண வீடுகளில் அம்மா கடைசி வரிசையைத் தாண்டியதில்லை. தட்டு நிறைய அட்சதை அவள் மடிக்கு வந்தது. தாலி கட்டி முடிந்ததும் மாமா புதுப்பெண்ணை அழைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, நேராக அம்மாவின் காலில் விழுந்தார். அம்மா இருவர் தலையிலும் அட்சதை போட்டாள். எனக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா.

"எங்கம்மா போயிருந்தீங்க? ரெண்டு தடவ பண்ணேன்."

"ஸ்ரீமுஷ்ணத்துக்கு. கோயிலுக்கு."

பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது, அந்தப் பக்கம் அக்கா மூச்சு விடுவது. பிறகு அவள் கேட்டாள்: "பொண்ணு நல்லா இருக்காளாம்மா?"

அக்காவுக்கு யார் சொன்னார்கள், எப்போதிலிருந்து என்னவெல்லாம் தெரியும், அம்மாவுக்குத் தெரியும் என்று தெரிந்தேதான் அந்த மூன்று வாரங்களிலும் மாமாவுக்குக் கதவைத் திறந்தாளா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. இப்போது வருடம் ஒருமுறை வந்து அம்மாவோடு பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறாள். இருவரும் ஊர்க்கதை எல்லாம் பேசுகிறார்கள், இதைத் தவிர.

அன்று அம்மா ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நல்லா இருக்குதும்மா" என்றாள். "கொஞ்சம் ஒல்லி."