தமிழ் கூடாத வகுப்பு

விசாரணையில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும், பட்டம் முடித்துப் பிரெஞ்சு ஆசிரியர் பயிற்சிக்கு வருபவர்களுக்கு வழிகாட்ட என்னைக் கூப்பிட்டார்கள். என் விதி ஒன்றுதான். வகுப்புக்குள் தமிழ் கூடாது. பிள்ளை தமிழில் கேட்டால் காதில் விழாதது போல இருக்க வேண்டும்.

"ஒண்ணுக்குப் போகணும்னாகூடவா சார்?" என்று கேட்டாள் பட்டினச்சேரியிலிருந்து வந்த பயிற்சி மாணவி.

"அதத்தாம்மா மொதல்ல கத்துக் குடுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். பயிற்சி முடித்தால் ஒரு தனியார் பள்ளியில் அவளுக்கு வேலை காத்திருந்தது.

அவளுடைய கற்பித்தல் தேர்வு ஐப்பசி அடைமழையில், ஒரு பள்ளியின் ஆறாம் வகுப்பில் நடந்தது. சன்னல்களை அடைத்திருந்தார்கள். சுவரில் ஈரம் ஏறி அறை புழுங்கியது. வாசலில் வகுப்பாசிரியை என்னிடம், "கடைசி பெஞ்சுல ஒரு புள்ளைக்கு வீசிங் வரும் சார். மருந்து ஆபீஸ் ரூம்ல இருக்கு, பாத்துக்குங்க" என்றார். தலையாட்டினேன். பாடம் எடுக்கப் போகிறவளைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று அவளிடம் சொல்லவில்லை.

வெளியூர்த் தேர்வாளரும் நானும் பின்னால் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். பாடம் நன்றாகப் போனது. பாதியில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள்.

"மிஸ், இவளுக்கு..."

பிரெஞ்சில் சொல் என்று பிரெஞ்சிலேயே சொன்னாள் பயிற்சி மாணவி, சிரித்த முகத்தோடு. சிறுமி வாயைத் திறந்து மூடி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"மிஸ், மூச்சு..."

சாக்பீஸ் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். பக்கத்துப் பிள்ளையின் தோள்கள் ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. அந்த இரைப்பும் கேட்டது. தேர்வாளர் பேனாவை எடுத்தார். மேலே நடத்து என்று கையை அசைத்தேன்.

நடத்தினாள். வகுப்பு சேர்ந்து கிழமைகளைப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை பெஞ்சிலிருந்து சரிந்தது.

பிழைத்துக்கொண்டது. ஆனால் பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. பிறகு அந்தப் பள்ளிக்கு வரவேயில்லை.

"தமிழ்ல சொல்லியும் ஏம்மா கவனிக்கல?" என்று விசாரணையில் கேட்டார்கள்.

"அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். யார் என்று சொல்லவில்லை. என்னைக் கேட்டபோது, "விதி இருக்குங்க. ஆனா சமயம் பாத்து நடந்துக்கணும்ல" என்றேன். கையை அசைத்ததைச் சொல்லவில்லை. தேர்வாளரும் வாய் திறக்கவில்லை. அவளைப் பயிற்சியிலிருந்து நீக்கினார்கள். அந்த வேலையும் போயிற்று.

சான்றிதழ்களை வாங்கிப் போக வந்தாள்.

"அடுத்த வருஷம் சேந்துக்கலாம்மா. நான் பேசுறேன்."

"வேணாம் சார்."

"எம்மேல கோவமா?"

"கோவம்லாம் இல்ல சார். மறுபடியும் நீங்க நடத்துன்னா நான் நடத்திருவேன். அதான் பயமா இருக்கு."

இந்த ஆண்டும் என்னைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. காரணம் கேட்டவர்களிடம் முட்டி வலி என்றேன்.