முத்துப்பேச்சி லேமினேசன் போட்ட படங்கள்

சித்திரபுரத்தில் வந்து முத்துப்பேச்சி என்று கேட்டால், எந்த முத்துப்பேச்சி என்பார்கள். லேமினேசன் முத்துப்பேச்சி என்று சொன்னால் போதும், தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவள் வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். ரேசன் கார்டு, ஆதார், கல்யாணப் போட்டோ, மகள் யோகப்பிரியாவுக்குக் கைக்குழந்தையில் ஊசி போட்ட அட்டை, செத்துப்போன மாமனார் பேரில் வந்த கரண்ட் பில் என்று அவள் வீட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் போகாத காகிதமே கிடையாது. "இனி பாக்கி மாரீஸ்வரன் அண்ணன் ஒருத்தர்தான். அவரையும் மெஷினுல விட்டு எடுத்துரு" என்று பக்கத்து வீட்டுக் கற்பகம் அவள் புருசனை வைத்துக் கேலி பேசுவாள். முத்துப்பேச்சியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அந்தப் பழக்கம் வந்த விதம் சிரிக்கிற மாதிரியானது இல்லை.

பெருவெள்ளம் வந்த வருசம் லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்து அடுக்களைச் சுவரைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஆளுக்குச் சேதமில்லை. தகரப்பெட்டியில் இருந்த காகிதம் மட்டும் முக்கால்வாசி சேறாகிப் போயிற்று. உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். உயிர் பிழைத்தவளுக்குத்தான் தெரியும், காகிதமில்லாமல் பிழைத்திருப்பது என்ன பிழைப்பு என்று. வில்லேஜ் ஆபீசில் தாலுக்காவுக்குப் போ என்றார்கள், தாலுக்காவில் வில்லேஜ் ஆபீசுக்குப் போ என்றார்கள். பாட்டன் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, அப்பன் இங்கே பிறந்து, அவளும் இங்கே பிறந்து, இங்கேயே பிள்ளையும் பெற்றிருக்கிறாள். அவளைப் பார்த்து மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மலையாளி, "நிங்கட ரேகை, காகிதம் எல்லாம் தமிழ்நாட்டிலல்லே உண்டாவும், அங்க போய்க் கேளுங்க" என்றான். அவனுக்கு அவளைவிடச் சின்ன வயதுதான் இருக்கும்.

அந்த அலைச்சலில் அவள் இரண்டு பாடம் படித்தாள். காகிதம் நனையக் கூடாது என்பது ஒன்று. ஆபீசில் கூப்பிடுகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் மறுபடியும் வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது மற்றொன்று. இரண்டையும் நன்றாகவே படித்தாள். அந்தப் படிப்புதான் பிற்பாடு அவள் மகள் தலையில் விடிந்தது.

மாரீஸ்வரனுக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை. முத்துப்பேச்சிக்கு ஒரு ரிசார்ட்டில் துணி தேய்க்கிற வேலை. யோகப்பிரியா ஒரே பிள்ளை, வாய் அதிகம் பேசாத பிள்ளை. பேச வேண்டியதையெல்லாம் வரைந்துவிடும். பிளஸ் டூ முடிகிற சமயத்தில் திருச்சூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஓவியமும் மீடியாவும் சேர்ந்த படிப்பு இருக்கிறது, அதற்குத்தான் போவேன் என்று நின்றாள். அங்கே மார்க்கை மட்டும் பார்க்க மாட்டார்களாம். போர்ட்ஃபோலியோ என்று, தான் வரைந்ததில் நல்லதாகப் பொறுக்கி எடுத்து ஒரு கட்டாக அடுக்கிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம். கையால் போட்ட அசல் படம் வேண்டும், போனில் எடுத்ததெல்லாம் செல்லாது என்று எழுதியே போட்டிருந்தார்கள்.

அந்தக் கட்டுக்காக அவள் ஒரு வருசம் உழைத்தாள். முதலில் வாட்டர் கலரில்தான் ஆரம்பித்தாள். இந்த மலை மழையில் எது காய்கிறது? தாள் நமத்துப்போய், சாயம் ஒன்றுக்குள் ஒன்று ஓடி, மூன்று படம் வீணானது. அப்புறம் ஆயில் பேஸ்டலுக்கு மாறினாள். மெழுகும் எண்ணெயும் சேர்ந்த சாயக்குச்சி, காய்வதற்கு வெயிலை எதிர்பார்க்காது. குழாயடி, ஃபாக்டரியின் புகைபோக்கி, கொழுந்துச் சாக்கோடு எடை போட நிற்கிற பெண்கள், பனிக்குள் பாதி மறைந்த பஸ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் போட்டாள். ரிசார்ட்டின் ஆவி மூட்டத்துக்குள் முத்துப்பேச்சி படுக்கை விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருப்பதையும் ஒரு படமாகப் போட்டிருந்தாள். முத்துப்பேச்சிக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அதில் இருந்த தன் முகம் அவளுக்குப் பிடித்திருந்தது. போட்டோவில் இல்லாத ஏதோ ஒரு களை அதில் இருந்தது. யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் நல்ல மழை. யோகப்பிரியா சர்டிஃபிகேட் வாங்கப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். படங்களெல்லாம் ஒரு துணிப்பையில், அட்டைகளுக்கு நடுவே இருந்தன. நாளைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், இந்த மழையில் துணிப்பையா என்று முத்துப்பேச்சி பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒரு பிள்ளையின் வாழ்க்கையே அந்தக் காகிதத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட காகிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பாலித்தீன் தாளில் சுற்றி, வேலைக்குப் போகிற வழியில் கடைவீதியில் டின்டுவின் போட்டோஸ்டாட் கடையில் கொண்டுபோய் வைத்தாள்.

டின்டு முதல் படத்தை விரலால் தடவிப் பார்த்தான். விரலில் நீலம் ஒட்டியது.

"சேச்சி, இது மெழுகுச் சாயம். மெஷின் நல்ல சூடாவும். மோள்ட்ட ஒரு வாக்கு கேட்டுட்டு வாங்க."

"அவ சின்னப்புள்ள, அவளுக்கு என்ன தெரியும். நனைஞ்சு போச்சுன்னா நீயா வரைஞ்சு குடுக்கப்போற? போடுப்பா."

"ஞான் சொல்லலன்னு பின்ன பறையக் கூடாது."

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒண்ணு விடாமப் போட்டு வையி, சாயங்காலம் வாரேன்."

பருத்திக்கு எந்தச் சூடு, நைலானுக்கு எந்தச் சூடு என்று தினமும் இஸ்திரிப்பெட்டியைத் திருகித் திருகித் தேய்க்கிறவள் அவள். விருந்தாளியின் சட்டையில் ஒரு நூல் தீய விட்டதில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை. கடைக்காரன் சோம்பல் படுகிறான் என்றுதான் தோன்றியது. காகிதம் விசயத்தில் யார் சொல்வதையும் நம்பக் கூடாது என்று ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கிப் பழகிய மனசு.

சாயங்காலம் கட்டு கைக்கு வந்தபோது இன்னும் சூடாக இருந்தது. கொட்டுகிற மழையில் பிரித்துப் பார்க்கவில்லை, மாரோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"பாருட்டி. இனிமே பேய்மழை பெஞ்சாலும் ஒண்ணும் ஆவாது."

யோகப்பிரியா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். குழாயடி உருகி வழிந்திருந்தது. பனி மஞ்சளாகியிருந்தது. சாக்குக்காரப் பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி அப்பிக்கொண்டு, யார் கை யார் தலை என்று தெரியாமல் நசுங்கிக் கிடந்தார்கள். உறையின் ஓரத்தில் எண்ணெய் கசிந்திருந்தது. முத்துப்பேச்சியின் படத்தில் தேய்ப்பு மேசை மட்டும் அப்படியே இருந்தது, முகம் இருந்த இடத்தில் தவிட்டு நிறத்தில் ஒரு திட்டு. எல்லாம் பளபளவென்று இருந்தன.

பிள்ளை அழுதிருந்தால் தாங்கியிருக்கலாம். அழவில்லை.

"டின்டு அண்ணன் ஒண்ணும் சொல்லலயாம்மா?"

"இல்லட்டி" என்றாள் முத்துப்பேச்சி.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்ப விழுங்க வழி தெரியவில்லை. யோகப்பிரியா தலையை ஆட்டிவிட்டுப் படங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். புதிதாக வரைய நாளும் இல்லை, தாளும் இல்லை.

திருச்சூரில் வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. முத்துப்பேச்சி உட்கார்ந்த இடத்திலிருந்து உள்ளே மூன்று பேரும், அவர்களுக்கு எதிரே மகளின் முதுகும் தெரிந்தன. கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் ஒரு படத்தைத் தூக்கி இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். ட்யூப் லைட்டு வெளிச்சம் பிளாஸ்டிக்கில் விழுந்து கண்ணைக் கூச வைத்தது. உறையை எடுக்க முடியுமா என்று மலையாளத்தில் கேட்டார். முடியாது என்றாள் யோகப்பிரியா.

"இது ஆரா லேமினேட் செய்தது?"

"ஞான் தன்னெ" என்றாள் அவள். நானேதான்.

முத்துப்பேச்சி பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தாள். எழுந்து உள்ளே போய், நான்தான் போட்டேன், அவளுக்குத் தெரியாது, அவள் வரைந்தது இப்படி இல்லை என்று சொல்ல வேண்டும். வார்த்தையெல்லாம் வாய் வரைக்கும் வந்து நின்றது. ஆனால் கூப்பிடாமல் உள்ளே போய்ப் பழக்கமில்லை. இப்போது கூப்பிடுவார்கள், இப்போது கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்தே இருந்தாள். அவளை எதற்காகக் கூப்பிடப் போகிறார்கள்?

நடுவில் இருந்த பெரியவர் படங்களைத் திருப்பிக் கொடுத்தார். கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல மனுசன், பரிவாகத்தான் சொன்னார். தான் கையில் எடுத்த சாயம் சூட்டில் என்ன ஆகும் என்று முதலில் தெரிந்துகொள் மோளே, அதுதான் அடிப்படை, அடுத்த வருசம் வா என்றார். மாதக்கணக்கில் அந்தச் சாயத்தைத் தவிர வேறெதையும் கையால் தொடாத பிள்ளையிடம் அதைச் சொன்னார். யோகப்பிரியா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். அடிமாலியில் பஸ் மாற இறங்கியபோது முத்துப்பேச்சி சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். டீ குடிக்கிறியா என்று கேட்டாள்.

அடுத்த வருசம் என்று அந்தப் பெரியவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். லயத்துப் பிள்ளைக்கு வீட்டில் சும்மா இருக்க ஏது அடுத்த வருசம்? பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.காம் கிடைக்கும் என்று மாரீஸ்வரன் விசாரித்து வந்தான். சரி என்றாள் யோகப்பிரியா. எதற்கும் சரி என்றாள். பேஸ்டல் டப்பா அலமாரிக்கு மேலே போனது.

சீட்டு உறுதியான காகிதத்தைப் பிரிண்ட் எடுக்க அவள்தான் கடைவீதிக்குப் போனாள். போனவள் திரும்பி வர நேரமானது. வந்ததும், சோறு வடித்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டின்டு அண்ணன் அன்னைக்கே ஒங்கிட்ட சொன்னாராமே."

முத்துப்பேச்சி கஞ்சிப் பானையைக் கீழே வைத்தாள். மறுபடியும் ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"சொன்னாம்ட்டி."

யோகப்பிரியா கையிலிருந்ததை அடுப்புத் திண்டில் வைத்தாள். பி.காம் சீட்டுக் காகிதம். லேமினேசன் போட்டிருந்தது.

"நானே போடச் சொல்லிட்டேம்மா. இதுல உருகுறதுக்கு ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். முத்துப்பேச்சி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள். மெஷினின் சூடு அதில் இன்னும் ஆறவில்லை.